செலவழுங்கல்

தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவர்களுக்கு ஒரு நோய் உண்டு. எந்தச் சொல் காதில் விழுந்தாலும் அது சங்க இலக்கியத்தில் என்னவாக இருந்தது என்று தேடிப் போய்விடுவோம். ‘செலவு’ என்ற சொல்லின் பின்னால் அப்படிப் போனதில்தான் இந்தக் கட்டுரைக்கு வந்து சேர்ந்தேன். பழந்தமிழில் செலவு என்றால் செல்லுதல், பயணம். இன்று அது கையை விட்டுப் போகும் பணம். வந்தது வரவு, போனது செலவு என்று கணக்கெழுதிய கைகள் காலப்போக்கில் வழியை மறந்து காசை மட்டும் வைத்துக்கொண்டன. பட்ஜெட்டுக்கு நாம் வைத்திருக்கும் வரவு செலவுத் திட்டம் என்ற பெயரில்கூட ஒரு வருகையும் ஒரு புறப்பாடும் இருக்கின்றன. யாருக்கும் அது கேட்பதில்லை.

அகப்பாடல்களில் செலவழுங்கல் என்று ஒன்று உண்டு. பொருள் தேடிப் புறப்படும் தலைவன், தலைவி படும் பாட்டைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிப்போடுகிறான். இது போகாமலே இருந்துவிடுவதல்ல, அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்கான தாமதம்தான் என்று தொல்காப்பியம் தெளிவாக்கிவிடுகிறது. ஆக, அவன் போய்விடுவான். வழி அவனுடையது, பொருளும் அவனுடையது. தலைவிக்குச் செலவு கிடையாது, ஆகவே அழுங்கலும் கிடையாது. அவளுக்கு விதிக்கப்பட்ட பயணம் உடன்போக்கு, அதாவது ஒருவன் கூட்டிக்கொண்டு போனால் போவது. துணையில்லாமல் வழியில் இறங்குகிற ஒரு பெண்ணை அகப்பாடல்களில் பார்க்கிறோம் என்றால் அவள் பெரும்பாலும் செவிலித்தாய். அவளும் உடன்போன மகளைத் தேடித்தான், எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டு பாலைவழியில் நடக்கிறாள். வளர்த்த பிள்ளைக்காகப் போகிற போக்கு அது.

இதை எம்.ஏ. முதலாண்டு வகுப்பில் நடத்திய அன்று, முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வேண்டிய மாணவி வரவில்லை. அது முதல் மணிநேரம். அவள் முதல் மணிநேரத்துக்கு வந்தது அந்தப் பருவம் முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய நாட்கள்தான். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக ஆப்சென்ட் போட்டது வேறு யாருமில்லை, நான்தான்.

அவள் ஊர் சூளகிரிக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. கல்யாணமாகி, பையன் பிறந்து, தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. முடித்து, பிறகு வீட்டில் சண்டை போட்டு ரெகுலர் வகுப்பில் எம்.ஏ. சேர்ந்தவள். பையன் இரண்டாம் வகுப்பு. பள்ளி பக்கத்து ஊரில், மூன்று கிலோமீட்டர் தள்ளி. அதுவும் கல்லூரிக்கு வரும் திசையில் இல்லை, எதிர்த்திசையில். காலையில் ஷேர் ஆட்டோவில் பையனை மடியில் வைத்துக்கொண்டு போய்விடுவாள், 20 ரூபாய். விட்டுவிட்டுத் திரும்பிவர இன்னொரு 20 ரூபாய். அதன் பிறகு நெடுஞ்சாலைக்கு வந்து கல்லூரிக்கு பஸ் பிடிக்க வேண்டும். சாயங்காலம் மாமியார் நடந்துபோய்க் கூட்டிவந்துவிடுவார் என்பதால் அந்தக் காசு மிச்சம். ஒரு நாள் என் அறையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சொன்னபோது, நான் பேப்பரில் எழுதிப் பார்த்தேன். மாதத்தில் 22 பள்ளி நாட்கள் என்றால் 880 ரூபாய்.

எனக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அவளிடம் காரணம் சொல்லவில்லை. மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வைச் சுட்டி அரசு மேடைகளில் சொல்லப்பட்டுவந்தது. அரசு கணக்கில் ஒரு பெண் மிச்சம் பிடிக்கிற தொகையை, எட்டு ரூபாய் குறைவாக, இவள் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கல்லூரிக்கு வரும் பஸ்ஸிலும் அவளுக்கு டிக்கெட் உண்டு. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடும் நெடுஞ்சாலையில் போகும் வண்டிகள் பெரும்பாலும் மொஃபசல் பஸ்கள். பாதிக்கு மேல் தனியார் வண்டிகள்போலத்தான் எனக்குத் தோன்றும். இலவசம் என்பது அரசின் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். வெள்ளை போர்டு என்று நாம் சொல்கிறோமே, அது. அந்த வெள்ளை போர்டு அவள் ஊருக்கு வருவதில்லை.

இதைச் சொல்லும்போது அந்தத் திட்டத்தைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்கக் கூடாது. கடந்த கால் நூற்றாண்டில் தமிழ்நாட்டு அரசு பெண்களுக்குச் செய்தவற்றில், யோசித்தோ யோசிக்காமலோ, பெண்ணியத்துக்கு மிக அருகில் வந்த திட்டம் அதுதான் என்று நினைக்கிறேன். 2021 மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற ஸ்டாலின் முதல் நாளிலேயே கையெழுத்திட்ட ஐந்து ஆணைகளில் அது ஒன்று. மறுநாளே நடைமுறைக்கு வந்தது. இரண்டு நாளில் கொரோனா முழு ஊரடங்கு வந்து பஸ்ஸே நின்றுபோனது வேறு கதை. டெல்லியில் 2019 அக்டோபரிலேயே பெண்களுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு வந்துவிட்டது. ஆனால் 2018 ஜனவரியில் டவுன் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் மூன்றிலிருந்து ஐந்து ரூபாயானபோது, ஒரு நாளைக்கு நான்கு தடவை ஏறி இறங்குகிறவளுக்கு அது என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்குத்தான் இங்கே இலவசச் சீட்டின் அருமை தெரியும்.

நான்கு தடவை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண் வேலைக்குப் போகிறான், திரும்பி வருகிறான், இரண்டு பயணம். தாய் பிள்ளையைப் பள்ளியில் விடுகிறாள், திரும்புகிறாள், மறுபடியும் போகிறாள், கூட்டிவருகிறாள். நான்கில் இரண்டு பயணம் வெறுங்கையோடு. இடையில் ரேஷன் கடை, மருந்துக் கடை, அம்மா வீடு. மத்ரித் நகரத்துக் கட்டடக் கலைஞரும் ஆய்வாளருமான இனெஸ் சான்செஸ் தெ மதரியாகா இத்தகைய போக்குவரத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் ‘பராமரிப்புப் பயணம்’ என்று சொல்லலாம். போக்குவரத்துக் கணக்கெடுப்புகள் வேலைக்குப் போவதை ஒரே வகையாகத் திரட்டிக் காட்டிவிட்டு, பிள்ளைக்காகவும் முதியவருக்காகவும் அலைவதை ‘கடைக்கு’, ‘உறவினர் வீட்டுக்கு’, ‘பிற’ என்று சிதறடித்துவிடுகின்றன, அதனால் அது சின்னதாகத் தெரிகிறது என்பது அவர் வாதம். தமிழ்நாட்டின் இலவசச் சீட்டு இதைச் சத்தமில்லாமல் சரிசெய்தது. மாதப் பாஸ் இல்லை, தூர வரம்பு எழுதும் விண்ணப்பம் இல்லை, ஆதார் இல்லை. எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய் என்ற கேள்வி இல்லை. துண்டு துண்டான பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சீட்டு கிடையாது.

அதனால்தான் ‘மிச்சம்’ என்ற கணக்கு எனக்கு ஒப்பவில்லை. மிச்சம் என்றால் முன்பு செலவழித்திருக்க வேண்டும். முன்பு பஸ்ஸே ஏறாமல் நடந்தவள், போகாமலே இருந்தவள், பிள்ளைக்குக் காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லை என்றால்தான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவள், அவளுக்கு மிச்சமானது என்ன? அவளுக்குக் கிடைத்தது செலவு, பழைய பொருளில். அதை ரூபாயில் போட முடியாது.

திட்டத்தின் பெயர்களைப் பார்ப்போம், அது என் தொழில். அரசாணையின் சொல் ‘கட்டணமில்லா’. பிறகு வைத்த பெயர் ‘விடியல் பயணம்’. கட்டணமில்லா என்பது குமாஸ்தாத் தமிழ், ஆனால் நேர்மையான சொல், பெறுகிறவளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. விடியல் தேர்தல் சொல், கொடுத்தவரைப் பற்றிச் சொல்கிறது. தெருவின் சொல் மூன்றாவது: ‘ஓசி’. 2022 செப்டம்பரில் அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி ஒரு மேடையில் பெண்களைப் பார்த்து அந்தச் சொல்லைப் பயன்படுத்தி, பெரிய கண்டனத்துக்கு ஆளானார். எனக்கு அவர்மீது கோபத்தைவிட அலுப்புதான். அவர் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, பஸ்ஸில் நிற்கும் ஆண்கள் தினமும் சொல்வதை மைக்கில் சொன்னார். பெண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தத்தில் வண்டி நிற்காமல் போகிறது என்ற புகார் மாநிலத்தின் பல ஊர்களிலிருந்தும் செய்தித்தாள்களில் வந்தது. அந்த ஓட்டுநர்கள் யாரும் மேடை ஏறிப் பேசவில்லை, ஆனால் அதே சொல்லைத்தான் வண்டியால் சொன்னார்கள்.

ஓசி என்ற சொல்லுக்குப் பரவலாக ஒரு விளக்கம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கம்பெனி வேலையாக அனுப்பப்படும் தபாலுக்குக் கட்டணம் கிடையாது, அதன்மேல் ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்பதன் முதலெழுத்துகள் குறிக்கப்பட்டன, அது தேய்ந்து ஓசி ஆனது என்பார்கள். சொற்பிறப்புக்கு நான் ஜாமீன் நிற்க மாட்டேன், இத்தகைய கதைகள் பாதிக்கு மேல் பொய். ஆனால் ஓசூரில் வாழும் எனக்கு இந்தக் கதை பிடித்துப்போனது. ஏனென்றால் எங்கள் ஊரில் உண்மையிலேயே கம்பெனி வேலையாக, கம்பெனிக் காசில், டிக்கெட் இல்லாமல் ஆட்களை ஏற்றிப் போகும் வண்டிகள்தான் சாலை நிறைய. கம்பெனி பஸ்.

1970களில் சிப்காட் வந்த பிறகு இந்த ஊரின் நேரத்தை கம்பெனி பஸ்தான் தீர்மானிக்கிறது. 1980இல் டிவிஎஸ் மொபெட், அசோக் லேலண்ட் லாரி, பிறகு டைட்டன் கைக்கடிகாரம். அவற்றுக்குத் துணையாக முளைத்த நூற்றுக்கணக்கான பட்டறைகள். விடிவதற்கு முன்பே ராயக்கோட்டை சாலையிலும் பாகலூர் சாலையிலும் சாப்பாட்டுப் பையோடு ஆட்கள் நிற்பார்கள். விடியலில் இந்த ஊர்ப் பெண்கள் ஏறுவது அந்த வண்டியில்தான். என் மாணவியின் கணவனும் அப்படித்தான், நெடுஞ்சாலை முனையில் ஐந்து மணிக்கு ஏறுகிறான். அவன் ஒரு காசு கொடுப்பதில்லை. அவனை ஓசியில் போகிறான் என்று எந்த அமைச்சரும் சொல்ல மாட்டார், அவன் மனைவியும் சொல்ல மாட்டாள். அவன் உழைக்கப் போகிறான், அந்த உழைப்பால் லாபம் உண்டு, ஆகவே வண்டி வீட்டருகே வருகிறது. நாளைய தொழிலாளியைப் படிக்க வைப்பதற்காகப் பள்ளிக்கு நடத்திப்போகிறவளின் உழைப்பிலும் அதே லாபத்தில் பங்கு இருக்கிறது. அந்தப் பங்குக்கு வண்டி இல்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் காலையில் புறப்படுகிறார்கள். ஒருவன் பயணம் உற்பத்திச் செலவு, மற்றவள் பயணம் அவள் சொந்தச் செலவு.

சட்டம் பெண் தொழிலாளியின் பயணத்தை அறியாததல்ல. இரவு ஷிப்டில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்றிருந்த தொழிற்சாலைச் சட்ட விதியை 2000 டிசம்பரில் வசந்தா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியபோது, வீட்டிலிருந்து வாகன வசதி செய்துதர வேண்டும் என்பதையும் நிபந்தனைகளில் ஒன்றாக வைத்தது. குழந்தையையும் சட்டம் அறியும். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். 2017இல் திருத்திய மகப்பேறு சட்டம், 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்பதோடு, தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்த்துவரலாம் என்றும் சொன்னது. அழகான விதி, ஒரு தாய் எழுதியதுபோல இருக்கிறது. ஆனால் குழந்தை வீட்டிலிருந்து அந்தக் காப்பகம் வரைக்கும் எப்படி வரும்? இத்தனை ஆண்டுகளில் இந்தச் சாலைகளில் போகும் கம்பெனி பஸ்களின் ஜன்னல்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு குழந்தையின் தலையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தொழிலாளிக்கு வாகனம், குழந்தைக்குக் காப்பகம். குழந்தையோடு இருக்கும் தொழிலாளி என்ற ஒருத்தி இரண்டு விதிகளுக்கும் நடுவே கீழே விழுந்துவிடுகிறாள்.

ஒருவேளை அவளை ஏற்றாமலே இருப்பது எளிது என்று தொழில் உலகம் கண்டுகொண்டிருக்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டுவதில்லை என்று நிறுவனம் மறுத்தது. எங்கள் மாவட்டத்தில் போச்சம்பள்ளியில் ஓலா தொடங்கிய மின் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பெண்கள் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தபோது பத்திரிகைகளில் வந்த படங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. எல்லாம் இளம் முகங்கள். பெண்கள் செய்யும் ஸ்கூட்டர் என்பது நல்ல தலைப்பு. அந்த ஸ்கூட்டர் வாங்கி, முன்னால் பிள்ளையை நிறுத்திக்கொண்டு போக அவர்களில் எத்தனை பேரால் முடியும் என்பது தலைப்புக்குள் வராது.

வரும்படிச் செய்ய ஒரு முயற்சி நடந்தது. இந்த மண்ணில் பெண்ணும் சக்கரமும் என்ற கதைக்கு ஒரு பரம்பரை உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பின் கேரியரில் பிள்ளை, பக்கவாட்டில் குடம். பிறகு பள்ளிப் பெண்களுக்கு அரசின் விலையில்லா மிதிவண்டி. 2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம் இந்த வரிசையில் வந்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட்ட உழைக்கும் பெண்களுக்கு, வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது. ஆட்சி மாறியபோது அது கைவிடப்பட்டது. பஸ்ஸை இலவசமாக்கியாயிற்றே, ஸ்கூட்டர் எதற்கு என்ற நினைப்பு அதில் இருந்திருந்தால், அது பஸ் வராத ஊர்களைப் பார்க்காதவர்களின் நினைப்பு. ஆனால் அந்தத் திட்டத்தின் வாசலும் குறுகல்தான். மீதிப் பாதிப் பணம் கையில் இருக்க வேண்டும், உரிமம் எடுத்திருக்க வேண்டும், ‘உழைக்கும் பெண்’ என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோவது உழைப்பு என்று சான்றிதழ் தருகிற தாசில்தார் இன்னும் பிறக்கவில்லை. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் யானை நடமாட்டமுள்ள காட்டுச் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு தாய்க்கு ஸ்கூட்டரா பஸ்ஸா என்பது கேள்வியே இல்லை. இரண்டும் வேண்டும், பஸ் நேரத்துக்கு வர வேண்டும்.

இந்த எல்லைக்கு வந்தால்தான் புரிகிற இன்னொன்று இருக்கிறது. கர்நாடகம் 2023 ஜூன் 11 அன்று ‘சக்தி’ திட்டத்தைத் தொடங்கியது. மாநிலத்துக்குள் நகரப் பேருந்து மட்டுமல்ல, சாதாரண நெடுந்தூரப் பேருந்திலும் பெண்களுக்கு இலவசம். தூரத்தில் நம்முடையதைவிடத் தாராளம். ஆனால் கர்நாடகத்தில் வசிக்கிறாய் என்று அடையாள அட்டை காட்ட வேண்டும். நம்முடையது நேரெதிர். தூரத்தில் கஞ்சம், ஆனால் ஏறுகிறவள் யார் என்று கேட்பதில்லை. ஆனேக்கல்லிலிருந்து ஓசூர் சந்தைக்குக் கீரை கொண்டுவரும் கன்னடத்துப் பெண் இங்கே டவுன் பஸ்ஸில் சீட்டு வாங்காமல் போகலாம். ஓசூரிலிருந்து பொம்மசந்திராவுக்கும் ஜிகணிக்கும் வேலைக்குப் போகும் பெண், ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்ததும், ஆதாரில் தமிழ்நாட்டு முகவரி இருப்பதால், காசு எடுக்க வேண்டும். இரண்டு அரசுகளும் பெண்ணுக்கு இலவசம் தருகின்றன, நடுவில் அவள் ஒரு நாளைக்கு இரண்டு முறை பெண்ணாக இல்லாமல் போகிறாள். வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் பள்ளியில் தமிழுமாக வளர்கிற இந்த ஊர்க் குழந்தைகளுக்கு எல்லை என்பது ஒரு டோல்கேட். அவர்கள் அம்மாவுக்கு அது பர்ஸைத் திறக்கும் இடம். ஓசூரில் ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகளுக்கு விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பெங்களூரு மெட்ரோ பொம்மசந்திரா வரை வந்துவிட்டது, ஓசூர் வரை நீட்டுவதைப் பற்றிப் பேச்சு. இருக்கட்டும். அதற்குள் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து, எல்லையில் பத்து இருபது கிலோமீட்டருக்கு ஒருவர் சீட்டை மற்றவர் மதிப்பது என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடுவது அவ்வளவு கடினமா?

இனி என் உண்மையான புகாருக்கு வருகிறேன். எல்லாச் சீட்டுகளும் ஒற்றை ஆளுக்கானவை. மகளிர் சீட்டு ஒரு பெண்ணுக்கு. மாணவர் பாஸ் ஒரு மாணவனுக்கு, வீட்டிலிருந்து பள்ளிக்கு மட்டும். கம்பெனி பஸ் ஒரு தொழிலாளிக்கு. தாயும் பிள்ளையும் சேர்ந்து போவது என்பது எந்தச் சீட்டிலும் இல்லை. 2022இல் அரசு பஸ்ஸில் குழந்தைகளுக்கான இலவச வயதை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்தினார்கள், நல்லது. ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை அரை டிக்கெட். மகள் என்றால் அவளும் மகளிர். ஏழு வயது மகனோடு ஏறினால் அம்மாவுக்கு இலவசம், அவள் கையைப் பிடித்திருப்பவனுக்குக் காசு. “பையனுக்கு எத்தன வயசும்மா?” என்று கண்டக்டர் கேட்கும்போது, நாலு என்று சொல்கிற அம்மாக்களையும், அம்மா சொன்ன பொய்க்காகக் கொஞ்சம் குனிந்து நிற்கிற பையன்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

உடன் வருகிறவர் என்ற கருத்தே அரசுக்குத் தெரியாது என்றால் மன்னிக்கலாம். தெரியும். 2021 ஜூனில் இதே திட்டத்தைத் திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நீட்டியபோது, மாற்றுத்திறனாளியோடு வரும் துணையாள் ஒருவருக்கும் இலவசம் என்று சேர்த்தார்கள். ஒருவர் போவதற்கு இன்னொருவர் கூட வர வேண்டியிருக்கும், அந்தக் கூட வருவதும் பயணம்தான் என்பதை ஓர் அரசாணை ஒப்புக்கொண்ட இடம் அது. அதே வரியைச் சிறு குழந்தைக்கும் எழுதினால் போதும். யார் அழைத்துவந்தாலும், குழந்தைக்கும் கூட வருகிறவருக்கும் இலவசம். ‘யார்’ என்பதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். இப்போதுள்ளபடி அப்பா பிள்ளையைப் பள்ளிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனால் காசு, அம்மா போனால் காசில்லை. ஏற்கனவே அவள் உழைப்புக்குக் கூலி கிடையாது, இப்போது அவள் பயணத்துக்கும் கட்டணம் கிடையாது. ஆகவே வீட்டுக் கணக்கில் எல்லா அலைச்சலுக்கும் மலிவான ஆள் அவள்தான். “உனக்கு ஃப்ரீ தானே, நீயே போய்ட்டு வா” என்ற வாக்கியம் 2021க்குப் பிறகு தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கும்? மின் கட்டணம் கட்ட, மாமனாருக்கு மாத்திரை வாங்க, பிள்ளைக்கு ஊசி போட. நல்ல திட்டம் ஒன்று பழைய வேலைப் பிரிவினைக்குப் புதிய காரணம் கொடுத்துவிட்டது. இதற்காகப் பெண்களின் சீட்டைத் திரும்ப எடுக்கச் சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அப்பாவுக்கும் ஒரு சீட்டு கொடுங்கள், பிள்ளை கூட இருக்கும்போது மட்டும். கையில் பிள்ளையோடு அவன் பஸ் ஏறட்டும் பார்ப்போம்.

அந்த மாணவியைப் பற்றி மிச்சம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வருகை குறைவு என்று அவளுக்கு முதல் பருவத்தில் கண்டொனேஷன் கட்டணம் விதித்தோம், கட்டினாள். அவள் பயணத்துக்கு வாங்கிய டிக்கெட்டுகளிலேயே விலை உயர்ந்தது அதுதான். முதல் மணிநேரத்தை வேறு பாடத்துக்கு மாற்றி என் தாளைப் பிற்பகலுக்குத் தள்ளலாமா என்று நான் கால அட்டவணைக் குழுவில் கேட்டேன். கேட்டேன் என்று எழுதுவதுகூடக் கொஞ்சம் மிகை, ஒரு முறை சொல்லிப்பார்த்தேன். ஒரு மாணவிக்காக அட்டவணையை மாற்ற முடியாது என்றார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது அப்போது. இரண்டாம் பருவத்தின் பாதியில் அவள் வருவது நின்றது. போன் செய்தபோது, “அடுத்த வருஷம் பையன் தனியா போற அளவுக்கு வளந்துருவான் மேடம், அப்ப பாக்கலாம்” என்றாள். தேற்றியது அவள்தான், என்னை.

அதற்குப் பிறகு ஒருமுறை ஓசூர் பேருந்து நிலையத்தில் பார்த்தேன், வெள்ளை போர்டு வண்டி நிற்கும் பக்கம். மத்திகிரியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறாளாம். நல்ல புடவை, தலை நிறையப் பூ. பையன் கையைப் பிடித்திருந்தான், வளர்ந்திருந்தான். கட்டம் போட்ட பள்ளிச் சட்டை, யூனிஃபார்ம் கால்சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அன்று ஞாயிற்றுக்கிழமை.

“இன்னிக்கு ஸ்கூல் இருக்காடா?” என்று கேட்டேன்.

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், “யூனிஃபார்ம் போட்டா கண்டக்டர் டிக்கெட் கேக்க மாட்டாரு மேடம்.”